விபூதி போட்டுத் தேய்த்த டாலர்

ஆசீர் சார் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், இப்போது மூணேகால்கூட ஆகவில்லை, அவர் காலேஜில் பிசிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவர், நாலு என்றால் நாலுதான், முன்கூட்டியே வந்துவிட்டாலும் தெருமுனையில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிற ரகம், அதனால் இன்னும் முக்கால் மணி நேரம் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்படியில் வடிவு எதை உருட்டுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேசையில் வெள்ளைத்துணி விரித்தாயிற்று. லென்ஸைத் துடைத்தாயிற்று. கனடா நாட்டு வெள்ளி டாலர்கள், படகு போட்டவை, மூன்றையும் பெட்டியோடு எடுத்து வைத்தாயிற்று. அவை மூன்றையும் ஆசீர் சாரிடம் கொடுத்துவிட்டு அவரிடமிருக்கிற ஒன்றை வாங்கிக்கொள்ளப் போகிறேன். மூன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறவனை வேறு வீட்டில் பெண்டாட்டி ஏதாவது சொல்வாள், வடிவு ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் என் கஷ்டமே. வாங்கப் போவது அமெரிக்காவின் தொண்ணூற்று நாலாம் வருஷத்து வெள்ளி டாலர், ப்ரூஃப். ப்ரூஃப் என்றால் கடையில் நீட்டிச் சாமான் வாங்குகிற நாணயம் இல்லை, சேகரிக்கிற எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கென்றே அடிப்பது. அச்சுக்கும் தகட்டுக்கும் மெருகேற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி அடித்து, விரல் படாமல் எடுத்துப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். வெறும் இடமெல்லாம் முகம் பார்க்கலாம், உருவம் மட்டும் பாலாடை மாதிரி வெளுப்பாக நிற்கும். ஒரு பெண் கொடியைப் போர்த்திக்கொண்டு சூரியனைப் பார்த்து நடக்கிறாள், ஒரு கையை முன்னால் நீட்டியிருக்கிறாள். முதல் தடவை காட்டியபோது வடிவு என் தோளில் நாடியை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, "யாரை இப்பிடிக் கூப்பிடுதா ஒங்க வெள்ளைக்காரி, பஸ்ஸை நிறுத்துதாளோ?" என்று கேட்டாள். தோளில் நாடி வைத்தாள் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது லென்ஸ் ஆடுகிறது என்று தள்ளி நிற்கச் சொன்னேன்.

அதே டாலர் என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கிற அக்கா மகன் கொண்டுவந்து தந்தது. இருக்கிறதைப் போல இன்னொன்று எதற்கு என்று ஆசீர் சார் போனில் கேட்கவில்லை, அவருக்குத் தெரியும், என்னிடம் இருப்பது கெட்டுப் போனது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள், வியாழக்கிழமை ஆபரேஷன், வெள்ளிக்கிழமை காலையில் மகள் கூட்டிக்கொண்டு போய்க் கட்டைப் பிரித்துவிட்டு வந்தாள். தெற்கு பஜாரில் முப்பத்தாறு வருஷம் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், ஊரிலுள்ள கண்களுக்கெல்லாம் பவர் பார்த்தவன், என் கண்ணில் பனி மூடிக்கொண்டு வந்ததை வெயில் சரியில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைப் பிரித்ததும் உலகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஆட்டோக்காரன் காதில் இருந்த முடிகூடத் தெரிந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணிப் புகை. பூசை அறையில் அம்பாள் படத்துக்கு முன்னால், விளக்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலைமேல் என் டாலர். நடுவில் குங்குமம். எங்கள் வீடுகளில் வெள்ளிச் சாமான் நிறம் மாறினால் விபூதி போட்டுத் தேய்ப்பார்கள், பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிற மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. டாலரின் ஓரத்தில் லேசாகச் செம்பழுப்பு ஏறியிருந்தது, சேகரிக்கிறவர்கள் அந்த நிறத்தை ஆசையாகப் பார்ப்பார்கள், வடிவுக்கு அது அழுக்கு. கூட்டைத் திறந்து, விபூதி போட்டு, என்னுடைய பழைய வேட்டித் துணியால் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, வைத்துவிட்டாள். "கண்ணு நல்லாத் தெரியுதா? ஒங்களுக்கு எது பிரியமோ அதைத்தான் அம்பாளுக்கு முன்னால வச்சேன்" என்றாள். கண் நன்றாகத் தெரிந்தது. அதுதான் வினை. பழைய கண்ணாக இருந்திருந்தால் பளிச்சென்று இருக்கிறதே என்று நானும் சிரித்திருப்பேன். புதுக் கண்ணுக்கு அந்தக் கண்ணாடிப் பரப்பு பூராவும் தலைமுடி விழுந்த மாதிரி மெல்லிய கோடுகள், பாலாடை போயே போய்விட்டது, வெள்ளைக்காரியின் முகம் சப்பென்று இருந்தது. புதுக் கண்ணால் நான் முதலில் உற்றுப் பார்த்தது அதைத்தான், வடிவின் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "அறிவிருக்கா ஒனக்கு?" என்றேன். மகள் பக்கத்தில் நின்றாள். "இனிமே என் சாமான் ஒண்ணையும் தொடாத, கேட்டியா" என்றேன். வடிவு "சரி" என்றாள், குங்குமத்தைத் துடைத்துவிட்டு டாலரைக் கூட்டுக்குள் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அடுப்படியில் குழாய் திறக்கிற சத்தம். மூணரை. காப்பிக்குப் பால் காய்கிறது என்று நினைக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு "வச்சிருக்கேன்" என்பாள். இந்த 'வச்சிருக்கேன்' என்கிற வார்த்தை எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் 'இந்தாங்க' இருந்தது. காப்பி இந்தாங்க, பேப்பர் இந்தாங்க, துண்டு இந்தாங்க, காராச்சேவு ரெண்டு இந்தாங்க, காலையிலிருந்து படுக்கப் போகிறவரைக்கும் இந்தாங்கதான், ஒவ்வொரு இந்தாங்கவுக்கும் விரலோடு விரல் உரசும், நான் அதைக் கவனித்ததே கிடையாது, மூச்சு விடுகிறதை யார் கவனிக்கிறார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்தாங்க நின்றுபோயிற்று. சண்டை கிண்டை எதுவும் இல்லை. சமைக்கிறாள், சிரிக்கிறாள், சீரியல்காரியைத் திட்டுகிறாள், மகளிடம் போனில் என்னைப் பற்றிக் கேலி பேசுகிறாள். முன்பெல்லாம் சட்டைப் பொத்தான் போனால் நான் போட்டிருக்கும்போதே நிற்கவைத்துத் தைப்பாள், பல்லால் நூலைக் கடிக்கும்போது அவள் மூக்கு என் நெஞ்சில் இடிக்கும், இப்போது "கழட்டி வைங்க, தச்சு வைக்கேன்" என்கிறாள். ஆனித் தேரோட்டத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியபோது என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், பையைப் பிடித்தாள், பக்கத்திலேயே கை இருந்தது. நான் தொடாதே என்று சொன்னது நாணயத்தை, அவள் என்னையும் அதில் சேர்த்துவிட்டாள், உன் சாமான் என்றால் நீயும்தானே என்று கணக்குத் தீர்த்துவிட்டாள், அவள் அப்பா வக்கீல் குமாஸ்தா, சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற வம்சம். அறுபத்தேழு வயதில் இது என்ன ஆசை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எனக்கு ஆசைதான். அவள் விரல் என்மேல் பட வேண்டும் என்று ஆசை, காய்ச்சலா என்று நெற்றியில் புறங்கை வைக்க மாட்டாளா என்று காய்ச்சல் வரும்போதெல்லாம் ஆசை, வந்தால் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து வைக்கிறாள். கண்ணுக்கு மருந்துகூட ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள்தான் விட்டாள், ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. சண்டைக்கு மறுநாள் அவள் விடவில்லை, நானே விட்டுக்கொண்டேன், மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போயிற்று. இல்லை, பொறு. அவள் வந்தாள். மறுநாள் காலையில் புட்டியோடு வந்து நின்றாள். வந்தாளா? வந்தாள், பச்சைச் சேலை, தலை ஈரம். நான்தான் எழுந்து புட்டியை வாங்கிக்கொண்டு நானே விட்டுக்கிடுதேன் என்றேன், கோபம் அப்போதும் இருந்தது, ஒரு நாள் கோபம், யாருக்குத்தான் இருக்காது, அதற்கு அடுத்த நாள் இருந்திருக்காது. இருந்ததா என்று இப்போது ஞாபகமில்லை. சரி, அதை விடு.

பழைய டாலரையும் எடுத்துத் துணிமேல் வைத்திருக்கிறேன். ஆசீர் சார் போனில் சொன்னார், "அந்தப் பழசையும் குடுத்திருங்க சார், நமக்குத் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் உருக்கிக்கிடுவாரு, வச்சிருக்க லாயக்கில்லாததை வச்சிருக்கப்பிடாது." சரி என்று சொல்லிவிட்டேன், நியாயமாகத்தான் பட்டது. என் யோசனை என்னவென்றால், கெட்டது போய் நல்லது வந்துவிட்டால், வடிவைக் கூப்பிட்டு, இந்தா பாரு, பழையபடி ஆயிடுச்சு, கோடே இல்லை என்று காட்டலாம், கோடு இல்லையென்றால் தேய்த்ததும் இல்லை, தேய்த்தது இல்லையென்றால் நான் சொன்னதும் இல்லை. மூன்று வருஷமாக இந்த யோசனையோடுதான் தொண்ணூற்று நாலைத் தேடுகிறேன், அந்த வருஷத்து ப்ரூஃப் சுலபத்தில் அகப்படாது, மதுரைக் கண்காட்சிக்கும் திருச்சிக் கண்காட்சிக்கும் போய் மேசை மேசையாகக் கேட்டு, கடைசியில் பார்த்தால் பாளையங்கோட்டைக்குள்ளேயே ஆசீர் சார் பீரோவில் தூங்குகிறது. இப்போது கையில் லென்ஸ் இருக்கிறது, கடைசி முறை பார்த்துவைப்போம் என்று பழையதைக் கூட்டிலிருந்து எடுக்கிறேன், ரெண்டு விரலால், விளிம்பில் மட்டும், கண்ணாடிச் சில்லுக்கும் இதுதான் பிடி, நாணயத்துக்கும் இதுதான் பிடி, முகத்தில் விரல் பட்டால் ரேகை ஏறிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் கோடுகள் எழுந்து வருகின்றன. இத்தனை நாள் கோடு என்றுதான் பார்த்தேன், எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்ததில்லை. வட்டம் வட்டமாகப் போகிறது. நடுவில் ஆரம்பித்து வெளியே வருகிற வட்டங்கள், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, சூரியன் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக, நீட்டின கையின்மேல் ரொம்பக் கூடுதலாக, அந்த இடத்தில் கறை போகவில்லை போலிருக்கிறது, மறுபடி மறுபடி தேய்த்திருக்கிறாள். அவசரமாகத் தேய்த்த கை இல்லை. எனக்குக் கண் கட்டுப் பிரிக்கிற நேரத்தில் இங்கே உட்கார்ந்து இவ்வளவு வட்டம் போட்டிருக்கிறாள். இதைத்தான் ஆசாரி உருக்கப் போகிறார். உருக்கினால் என்ன, அவள்தான் பக்கத்து அறையில் இருக்கிறாளே. ஆனால் புது டாலர் வந்து, அதை அவளிடம் காட்டி, அவளும் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு, அப்புறமும் காப்பியை மேசையில் வைத்தால்? அப்போது நான் எதைத் தேடிக்கொண்டு மதுரைக்குப் போவேன்? இது வரைக்கும் டாலர் சரியில்லை என்றாவது இருந்தது.

கொலுசு இல்லை, ஆனால் அவள் நடக்கும்போது சேலை உரசுவது எனக்குத் தெரியும். வந்தாள். டம்ளரை மேசை ஓரத்தில், வெள்ளைத்துணிக்கு நாலு விரல் தள்ளி வைத்தாள். "காப்பி வச்சிருக்கேன்" என்றாள். நாலு மணிக்கு மூணு நிமிஷம் இருந்தது. போகத் திரும்பினாள். இன்றைக்குக் கேட்காவிட்டால் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது, பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

"வடிவு, ஆசீர் சார் வாரார். அந்த டாலர் புதுசு கொண்டுவாரார். இந்தப் பழசைக் குடுத்துருவேன்."

"எந்தப் பழசு?"

"நீ விபூதி போட்டுத் தேச்சியே."

அவள் மேசையைப் பார்த்தாள். "அதை இன்னுமா வச்சிருக்கிய?" என்றாள். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"புதுசு வந்துட்டுன்னா பழையபடி ஆயிரும்லா" என்றேன். என்ன உளறுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. "அன்னைக்கு நான் தொடாதன்னு சொல்லிட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டு நீ என்னை... ஒம்பது வருஷமா..."

"நீங்க சாமானைத் தொடாதன்னிய. அதுக்கென்ன? ரேடியோவைத் தொடாதன்னிய, கடைச் சாவியைத் தொடாதன்னிய, கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். அதுக்கெல்லாமா கோவிப்பாவ?"

"பொறவு எதுக்கு எல்லாத்தையும் மேசையில வைக்க? கையில தரப்பிடாதா?"

கேட்டுவிட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மறுநாள் மருந்து கொண்டாந்தேன். புட்டி மூடியைப் பிடிச்சு வாங்கினிய. என் விரல் பட்டிரக் கூடாதுன்னு, மூடியை மட்டும். சரி, கோவம்னு நெனைச்சேன். பொறவு காப்பி தந்தேன், டம்ளர் விளிம்பை ரெண்டு விரலால பிடிச்சு வாங்கினிய. அந்தத் துட்டை எடுப்பியளே, அப்பிடி. பேப்பர் தந்தா மூலையைப் பிடிச்சிய. ரெண்டு மாசம் பாத்தேன். என் கை படுறது ஒங்களுக்கு ஆகலன்னு தெரிஞ்சுது. சரி, எதுக்கு ஒங்களைச் சங்கடப்படுத்தணும்னு மேசையில வைக்க ஆரம்பிச்சேன்."

"டம்ளர் சுடும்லா வடிவு, எல்லாரும் விளிம்பைத்தான பிடிப்பாவ."

"அதுக்கு முந்தி முப்பது வருசம் சுடலையா?"

என் வலது கை அப்போதும் டாலரை விளிம்பில் பிடித்துக்கொண்டிருந்தது, கட்டைவிரலும் நடுவிரலும் அரை வட்டமாக, மற்ற விரல்கள் விலகி நிற்க. அப்படிப் பிடித்தேனா? பிடித்திருப்பேன். வேண்டுமென்று இல்லை, சத்தியமாக வேண்டுமென்று இல்லை, அந்த நாட்களில் என் பீரோவிலிருந்த அத்தனை நாணயத்தையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வேறு எதிலாவது கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், காலையிலிருந்து இருட்டுகிறவரைக்கும், கை அதே பிடியில் இறுகிப்போயிருக்கும். அல்லது கோபத்தில்தான் பிடித்தேனோ, கோபம் போனபின் கை மட்டும் அதை மறக்கவில்லையோ. அவள் நிறுத்திக்கொண்டாள் என்று ஒன்பது வருஷம் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன், நான் நிறுத்திவிட்டேன் என்று அதே ஒன்பது வருஷம் அவள் பக்கத்து அறையில் இருந்திருக்கிறாள். ஒரே குக்கர் சோறு, ஒரே கட்டில். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். வாசலில் மணி அடித்தது. ஆசீர் சார்தான், வேறு யார் இவ்வளவு கச்சிதமாக வருவார்கள்.

"வந்துட்டாரு, கதவைத் திறங்க" என்றாள் வடிவு.

டாலரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். துணிமேல் விழுந்ததா தரையில் விழுந்ததா என்று பார்க்கவில்லை. "எனக்கு ஒன் கை வேணும் வடிவு" என்றேன். இப்படியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அவள் வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "என்ன, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள். நான் அவள் வலது கையை எடுத்தேன், முழுதாக, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, விரல்களையெல்லாம் மூடி. ஈரமாக இருந்தது. எனக்குத் தெரிந்த கை மாதிரி இல்லை. கட்டைவிரலின் அடிக்கணு புளியங்கொட்டை வைத்துத் தைத்தது போலப் புடைத்து, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, என் விரலுக்குள் அது மடங்கவில்லை.

"இது என்ன?"

"வாதம்."

"எப்பலேருந்து?"

"ஆச்சு, நாலு வருசம்."

நாலு வருஷம். தலைமுடியில் பாதி அளவு கோட்டை லென்ஸ் இல்லாமலே கண்டுபிடிக்கிற கண் இது. தேங்காய் துருவ ஒரு மெஷின் வேண்டும் என்று அவள் கேட்டதும் நாலு வருஷத்துக்கு முன்னால்தான். கை இருக்கும்போது மெஷின் எதுக்கு என்று நான் கேட்டேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

"வலிக்குதா?" என்றேன்.

"அழுத்துனா வலிக்கும்."

அழுத்தாமல் பிடித்துக்கொண்டேன். அவள் கையை இழுக்கவில்லை. வாசலில் ஆசீர் சார் மறுபடியும் மணியை அடித்தார், "சார், இருக்கியளா?" என்று கேட்டார், வடிவு "அவாள் வெளியில நிக்காவ" என்று மெதுவாகச் சொன்னாள், நிற்கட்டும் என்றேன்.